தடுமன் பிடித்த வீட்டில் யாருக்கு எதைக் கொடுக்கலாம்?

கேள்வி: பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. நான் கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவள். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். வாடை தொடங்கியதிலிருந்து வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தடுமன். முதலில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு வந்தது. பிறகு எனக்கு. இப்போது மகளின் எட்டு மாதக் கைக்குழந்தை மூக்கடைத்துப் பால் குடிக்கச் சிரமப்படுகிறான். “நீ தண்ணிக்குள்ளயே கெடக்குறதாலதான் வீட்டுக்கே சளி” என்கிறார் மாமியார். அவருக்கு 70 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பேரனுக்குத் தேனில் வசம்பு உரைத்து நாக்கில் தடவணும், தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கணும், மூக்கில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும் என்று சொல்கிறார். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் சேர்த்து மூன்று நாளைக்கு செட் மாத்திரை தருகிறார்கள். எதைச் செய்ய? எனக்கு மூக்கு இன்னும் அடைத்தே இருக்கிறது. அமாவாசையை ஒட்டி எல்லோரும் கடலில் இறங்குவார்கள், நானும் போகலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. கைக்குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். மற்றவர்களின் தடுமன் ஒரு நாள் பொறுக்கும்.

பேரன் அழாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, கணக்குத் தப்பும். 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேக மூச்சு. (2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்த எல்லை 60. ஒரு வயது தாண்டி 5 வயது வரை 40.) எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறானா, உதடு நீலம் பாய்கிறதா, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்கவில்லையா, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா, எழுப்பினாலும் துவண்டு விழுகிறானா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் நடு இரவென்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். அது மூக்கோடு நிற்கும் தடுமன் அல்ல, நுரையீரலுக்கு இறங்கியிருக்கலாம். வீட்டு மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

இவை எதுவும் இல்லையென்றால், அவனுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பால் குடிக்கும் நேரத்துக்கு மூக்கைத் திறந்துவிடுவது. இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கு அடைத்தால் இரண்டு வாய் குடித்து, விட்டுவிட்டு, அழுவார்கள். மெடிக்கலில் ‘குழந்தைக்கான சலைன் சொட்டு மருந்து’ என்று கேளுங்கள். வெறும் உப்புநீர்தான், விலையும் குறைவு. பெரியவர்களின் மூக்கடைப்புச் சொட்டு மருந்தும் அதேபோன்ற சின்ன பாட்டிலில்தான் வரும். அதை மாற்றித் தந்துவிடப் போகிறார்கள், பெயரைப் படித்து வாங்குங்கள். பால் கொடுக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து, வெளியே இளகி வருவதை மட்டும் மெல்லிய துணியால் துடையுங்கள். துணியைத் திரியாக முறுக்கி உள்ளே விட வேண்டாம், அது தோலைக் கீறி வீக்கத்தை இன்னும் கூட்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். மகளுக்கும் தடுமன் இருந்தால்கூட அவள் பால் கொடுக்கலாம். அந்தத் தடுமனுக்கு எதிராக அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள் பாலிலேயே குழந்தைக்குப் போகின்றன.

மாமியார் சொல்லும் மூன்றும் இந்தக் குழந்தைக்கு ஆகாது. ஏனென்று அவரிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்குக் காரணம் வேண்டும்.

தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் இருக்கக்கூடும். நம் குடல் அவற்றை முளைக்க விடாது. ஒரு வயது நிறையாத குடலில் அவை முளைத்து நஞ்சை விடும். மலச்சிக்கலில் தொடங்கி, கழுத்து நிற்காமல், அழுகைச் சத்தம் மெலிந்து, மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கும். வீட்டு அடுப்பில் தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துக்கள் சாகாது. அதனால் முதல் பிறந்தநாள் வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்க 1968 முதல் தடை. கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும்போது அளவு யார் கையிலும் நிற்காது. வாந்தியும் அசாதாரண மயக்கமும் வரும். “கொடுத்ததும் நல்லாத் தூங்குச்சு” என்று சொல்வது பல சமயம் அந்த மயக்கத்தைத்தான்.

கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் வாய்க்குள் போனாலும் வலிப்பு வரும். நெஞ்சில் தடவியதைக் கையால் தொட்டு அவன் வாயில் வைத்துக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்? இரண்டு வயதுக்குள் கற்பூரம், யூக்கலிப்டஸ் எண்ணெய், டப்பாவில் விற்கும் நெஞ்சுத் தைலம் எதுவும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவது இவை எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது. எண்ணெய் தொண்டையில் இருமலைத் தூண்டாமல் நழுவி நுரையீரலுக்குப் போய்த் தங்கிவிடும். அதை உடம்பால் கரைத்து வெளியேற்ற முடியாது. எண்ணெய் நிமோனியா என்றே அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது. வாயால் மூக்கில் ஊதிச் சளி எடுப்பதையும், குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் இந்த நாட்களில் நிறுத்திவையுங்கள்.

மாமியாரின் கை சும்மா இருக்க வேண்டியதில்லை. கற்பூரம் கலக்காத வெறும் தேங்காயெண்ணெயை வெதுவெதுப்பாக்கி நெஞ்சிலும் முதுகிலும் மெதுவாகத் தடவட்டும், தூங்காமல் சிணுங்கும் நேரத்தில் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளட்டும். அது குழந்தைக்கு உண்மையிலேயே இதம். தோளில் நிமிர்ந்து இருக்கும்போது மூக்கடைப்பு குறையும்.

காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம். இங்கேதான் தவறு நடக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு வகைச் சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 இருக்கும், இன்னொரு வகையில் அதே 5 மில்லியில் 250. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து, கூடவே வரும் அளவு மூடியில் ஊற்றுங்கள், சமையல் கரண்டியில் அல்ல. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் வீட்டில் எதுவும் கொடுத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இருமல், சளி சிரப் வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்த இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மத்திய சுகாதாரத் துறை அப்போது தெளிவாக அறிவித்தது: 2 வயதுக்குள் இருமல் சளி மருந்துகள் கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை. கலப்படம் இல்லாத சிரப்பாக இருந்தாலும் இந்த வயதில் அதனால் பெரிய பயன் கிடையாது.

இனி, உங்கள் மேல் விழுந்த பழிக்கு வருகிறேன். நீங்கள் தண்ணீரில் இருப்பதால் வீட்டுக்குச் சளி வரவில்லை. தடுமன் வைரஸால் வருவது, அந்த வைரஸ் மனிதர்களிடமிருந்து மனிதர்களுக்கு வருவது. 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இதைச் செய்கின்றன. அதிகம் வருவது ரைனோ வைரஸ். வட துருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் 1930-31-ல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கடல் உறைந்து கப்பல் வராத குளிர்காலத்தில் அந்த ஊரில் சளியே கிட்டத்தட்ட இல்லை. கோடையில் முதல் கப்பல் கரை சேர்ந்ததும் ஊரெல்லாம் தும்மல். நம் வாடைக் காற்று அந்தக் குளிருக்கு எந்த மூலைக்கு?

பிறகு ஏன் வாடையில் அதிகம்? மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறோம். கடலுக்குப் போகாத நாளில் படகுக்காரர்களும் வீட்டிலேயே இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் ஜன்னல் மூடியிருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் பல மாநிலங்களிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வருகிறார்கள். ஒவ்வொரு ஊரின் சளியும் பாலத்தைக் கடந்து வரும். இதோடு ரைனோ வைரஸ் 33 டிகிரி செல்சியஸில் நன்றாகப் பெருகும். உடம்புச் சூட்டைவிடக் குளிர்ந்திருக்கும் மூக்குத்தான் அதற்கு இடம். ஆகவே குளிருக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் வந்த வரிசையைப் பாருங்கள்: முதலில் பேத்தி, பிறகு நீங்கள், பிறகு குழந்தை. இது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. பள்ளி வயதுக் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது இயல்பு. அவளிடம் குறை ஒன்றும் இல்லை. தலைக்குக் குளித்ததும், தயிரும், வாழைப்பழமும், இளநீரும்கூடக் காரணம் இல்லை. பசித்தால் சாப்பிடட்டும்.

தடுமனுக்கு ஒரு போக்கு இருக்கிறது, அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதல் நாள் தொண்டை கரகரக்கும், தும்மல் வரும். இரண்டாம் மூன்றாம் நாள் மூக்கு ஒழுகி, அடைத்து, உடம்பு வலிக்கும். உச்சம் அதுதான், மற்றவர்களுக்கு அதிகம் பரவுவதும் அப்போதுதான். நாலாம் நாள் வாக்கில் சளி கெட்டியாகி மஞ்சளாக, பச்சையாக மாறும். நம் வெள்ளணுக்கள் வைரஸோடு சண்டையிட வந்து சேரும்போது அவற்றின் நொதிகள் அந்த நிறத்தைத் தருகின்றன. அது சீழ் அல்ல, ஆன்டிபயாடிக் தேவை என்பதற்கு அடையாளமும் அல்ல. ஏழிலிருந்து பத்து நாளில் அடங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்.

மெடிக்கலில் தரும் செட் மாத்திரை மூன்றாம் நாள் வாங்கப்படுகிறது, ஆறாம் நாள் சளி குறைகிறது. மாத்திரை இல்லாமலும் ஆறாம் நாள் குறைந்திருக்கும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸைத் தொடாது. வயிற்றுப்போக்கும், நாளை உண்மையில் நிமோனியா வரும்போது மருந்துக்குக் கேட்காத கிருமியும்தான் மிச்சம். அந்தக் காகிதப் பொட்டலத்தில் பெயரில்லாத சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தால் அது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கலாம். உங்கள் மாமியாருக்கு அது இரண்டே நாளில் சர்க்கரையை மேலே கொண்டுபோய்விடும். அட்டை இல்லாமல், பெயர் தெரியாமல் எந்த மாத்திரையையும் வாங்காதீர்கள்.

வீட்டு மருத்துவம் வைரஸை விரட்டாது. உடம்பு தன் வேலையை முடிக்கும்வரை நம்மைத் தாங்கிப் பிடிக்கும். அந்த அளவில் சிலவற்றை நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொப்புளம் விட்டுக் கொதிக்கவைத்து, மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவிடுங்கள். அதில் சமையல் தூள் உப்பு தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி, ஏறத்தாழ 9 கிராம், போட்டுக் கரையுங்கள். நம் ரத்தத்தின் உப்பளவும் இதுவே. குறைந்தாலும் கூடினாலும் மூக்கு எரியும், எரிந்தால் அடுத்த தடவை யாரும் செய்ய மாட்டார்கள். வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பும் உப்புதான். ஆனால் கல்லுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் கரண்டிக்குக் குறைவாகத்தான் பிடிக்கும், மண்ணும் கலந்திருக்கும். தூளே நல்லது. வாஷ்பேசின் மேலோ முற்றத்திலோ குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மேலே இருக்கும் துவாரத்தில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சால் மெதுவாக விடுங்கள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள், அடுத்த துவாரம் வழியே வெளியேறும். காலையும் இரவும் போதும். மிச்சத்தை மறுநாள் கொட்டிவிடுங்கள்.

நம் பகுதிக்கு ஒரு எச்சரிக்கை. ‘கிணற்றுத் தண்ணியே உப்புத்தானே’ என்று உவர்நீரை அப்படியே மூக்கில் ஏற்ற வேண்டாம். கடல் தண்ணீரும் வேண்டாம், அதில் உப்பு நாலு மடங்கு. காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ எதுவானாலும் மூக்குக்குப் போவது கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறி உயிரைப் பறிக்கும். 2024-லும் 2025-லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் பலர் பாதிக்கப்பட்டார்கள். குடித்தால் தீங்கில்லாத தண்ணீர் மூக்குக்குத் தீங்காகலாம்.

தொண்டை வலிக்கு ஒரு டம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை கொப்பளியுங்கள். பேத்திக்கு இரவு இருமலுக்குப் படுக்குமுன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஒன்று முதல் ஐந்து வயதுக்கு அரைத் தேக்கரண்டி. தேன் தொண்டையில் படர்ந்து இருமல் உணர்ச்சியைத் தணிக்கிறது. இது ஆய்வுகளிலும் நின்ற வைத்தியம். சுடுதண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டால் படர்வது குறையும், அப்படியே நக்கக் கொடுங்கள்.

சூடான பானத்துக்குக் குணம் உண்டு. அறைச் சூட்டில் குடித்ததைவிட அதே பானத்தைச் சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டை வலியும் குளிரும் உணர்வும் களைப்பும் குறைந்ததாக பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008-ல் பார்த்திருக்கிறார்கள். நம்மிடம் சுக்கு மல்லிக் காப்பி இருக்கிறது: நாலு டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மல்லி விதை, தட்டிய சுக்கு ஒரு விரற்கடைத் துண்டு, எட்டு மிளகு. மூன்று டம்ளராக வற்றியதும் சாயல்குடிக் கருப்பட்டி ஒரு எலுமிச்சை அளவு போட்டு வடிகட்டுங்கள். சுக்கை அதிகம் போட்டால் நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும்.

கடற்கரையில் நண்டு ரசத்துக்கு மிஞ்சியது இல்லை. சின்ன நண்டாக அரைக் கிலோ, ஓடு நீக்கிச் சுத்தம் செய்து, கால்களை உரலில் தட்டி ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் போடுங்கள். சின்ன வெங்காயம் பத்து, தக்காளி ஒன்று, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. இருபது நிமிடம் கொதித்தபின் மிளகு ஒன்றரை, சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டு பத்துப் பல் இடித்துப் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள். மிளகை முதலிலேயே போட்டால் மணம் போய்க் காரல் நிற்கும். மெல்லிய துணியில் வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும், ஓட்டுச் சில்லு புண்பட்ட தொண்டையைக் கீறும். மிளகின் காரத்தில் மூக்கு ஒழுகும், உள்ளே கெட்டியாக நிற்பது இளகும். வாய் கசந்து சோறு இறங்காதவருக்கு உப்பும் நீரும் புரதமும் ஒன்றாகக் கிடைக்கும். நண்டு, இறால் சாப்பிட்டால் தடிப்பு வருகிறவர்களுக்கு வெறும் மிளகு ரசம் அல்லது தூதுவளை ரசம்.

ஆடாதோடை இலைக் கஷாயம் சளியை இளக்கும் என்பதில் உண்மை இருக்கிறது. அதிலுள்ள வாசிசினை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே உருவாக்கினார்கள். ஆனால் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை அதற்கு உண்டு. கர்ப்பிணிகள் தொடக் கூடாது. வைட்டமின் சி மாத்திரையைச் சளி பிடித்த பிறகு தொடங்கிப் பயன் இல்லை. நெல்லிக்காய் கிடைத்தால் சாப்பிடுங்கள், அதற்காக அலைய வேண்டாம்.

ஆவி பிடிப்பதைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். அது சளிக் காலத்தைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தப் பத்து நிமிடம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோவதோ குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப நடக்கிறது. பேத்திக்கு ஆவி வேண்டாம். நீங்கள் பிடிப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசையில் வைத்து, ஒரு அடி தள்ளி முகத்தைக் காட்டுங்கள். குழந்தைகள் வேறு அறையில் இருக்கட்டும். நொச்சி, ஓமவல்லி இலை போடலாம். தைலத்தின் மென்தால் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அதனால் திறந்ததுபோலத் தோன்றும். அடைப்பு அப்படியே இருக்கும். கடலுக்குப் போகிற உங்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

ஏனென்றால், தடுமனோடு நீங்கள் முங்கக் கூடாது.

காதின் நடுப்பகுதியில் காற்று நிற்கிறது. அந்தக் காற்றறையிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது, அதற்கு யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். முங்கும்போது வெளியே நீரின் அழுத்தம் ஏறும்; 3 மீட்டரில் கரையைவிட 30 சதவீதம் கூடிவிடும், 10 மீட்டரில் இரட்டிப்பு. விழுங்கினாலோ மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினாலோ இந்தக் குழாய் திறந்து உள்ளேயும் அழுத்தம் சமமாகும். தடுமனில் குழாயின் வாய் வீங்கி மூடியிருக்கும். அப்போது செவிப்பறை உள்ளே இழுக்கப்பட்டு வலிக்கும், நீர் கோக்கும், ரத்தம் கட்டும், கடைசியில் கிழியும். முதல் சில மீட்டரிலேயே இது நடக்கும், ஆழம் போக வேண்டியதில்லை. கிழிந்த காதில் குளிர்ந்த கடல்நீர் புகுந்தால் தலை சுற்றி மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். தண்ணீருக்குள் அந்தத் தடுமாற்றம் உயிருக்கே ஆபத்து. நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள சைனஸ் அறைகளுக்கும் இதே கதிதான். முங்கும்போது போடும் கண்ணாடியைக் கழற்றும்போது உள்ளே ரத்தம் தெரிந்தால் அது சைனஸிலிருந்து வந்தது.

மூக்கடைப்புச் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு இறங்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். மருந்தின் வேகம் நடுவில் குறைந்தால், கீழே போகும்போது திறந்த குழாய் மேலே வரும்போது மூடிக்கொள்ளும். உள்ளே விரியும் காற்றுக்கு வழி இருக்காது. வலித்தால் மேலே வந்துவிடலாம் என்ற வசதியும் அப்போது இல்லை. (கரையிலும் சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள், அதன்பிறகு மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும்.)

அமாவாசைக்கு இறங்காவிட்டால் கூலி போகும் என்பது தெரியும். செவிப்பறை கிழிந்தால் ஆறவே பல வாரம் ஆகும், அத்தனை நாளும் கடல் இல்லை. கரையிலேயே சோதித்துப் பாருங்கள்: எச்சிலை விழுங்கும்போது இரண்டு காதும் ‘டக்’ என்று திறக்க வேண்டும், மூக்கைப் பிடித்து லேசாக ஊதினால் இரண்டு பக்கமும் சமமாகத் திறக்க வேண்டும். வேகமாக ஊதிப் பார்க்காதீர்கள், உள்காதுச் சவ்வு கிழியும். காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் இல்லாமல், மருந்து எதுவும் எடுக்காமல், இரண்டு நாள் தொடர்ந்து இப்படித் திறந்தால் இறங்கலாம். முதல் நாள் கால் கீழாக, மெதுவாக, ஆழம் குறைந்த இடத்தில். காது அடைத்தே இருந்தாலோ, இரைந்தாலோ, தலை சுற்றினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். காதில் எண்ணெயோ ஸ்பிரிட்டோ விட வேண்டாம்.

மாமியாருக்குக் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சர்க்கரைதான், அவருடைய காப்பியில் போடாதீர்கள். தேனும் அப்படியே. அதிமதுரத்தைத் தினமும் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகளில் உள்ள ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் பிரஷரை ஏற்றும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் 500 மில்லிகிராம் போதும். ரசத்தில் அவர் பங்கை எடுத்துவைத்தபின் மற்றவர்களுக்கு உப்புப் போடுங்கள். காய்ச்சல் நாளில் சர்க்கரை ஏறும். மாத்திரையை நிறுத்தாமல் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது. வருடந்தோறும் ஃப்ளூ தடுப்பூசி அவருக்குத் தேவை, மருத்துவரிடம் கேளுங்கள். பேரனுக்கு ஒன்பதாம் மாதம் நிமோனியாத் தடுப்பூசியின் மூன்றாம் தவணை வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். வந்தால் செட்டிரிசின், குளோர்ஃபெனிரமின் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு இரவுக் கடலுக்குப் போகக் கூடாது. தூக்கக் கிறக்கத்தில் படகின் ஓரத்தில் கால் தவறும். சளிக்குப் பிராந்தி என்ற வழக்கமும் வேண்டாம், மாத்திரையோடு சேர்ந்தால் கிறக்கம் இன்னும் கூடும். படகில் ஒரே தம்ளரை எல்லோரும் மாற்றிக் குடிக்கிறார்கள். தன் தம்ளரைத் தனியே கொண்டுபோகட்டும்.

வீட்டில் பரவலைக் குறைக்கக் கைதான் முக்கியம். மூக்கைத் துடைத்த கை பாத்திரத்தை, பாத்திரத்தைத் தொட்ட கை குழந்தையின் கண்ணை. தண்ணீர்த் தட்டுப்பாடான ஊரில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவச் சொல்ல மாட்டேன். கையை நனைத்து, சோப்புப் போட்டு, தண்ணீர் இல்லாமல் இருபது நொடி நகக்கண்ணும் விரலிடுக்கும் தேய்த்து, அரைச் செம்பு நீரில் அலசினால் போதும். உவர்நீரில் சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லையென்றால் திரவக் கைகழுவி வாங்கி வையுங்கள். பேத்தியின் துண்டைத் தனியாக்குங்கள், முதல் மூன்று நாள் தம்பியை அவள் முத்தமிட வேண்டாம். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். விறகடுப்புப் புகை படுக்கிற அறைக்கு வரக் கூடாது.

கடைசியாக, தடுமன்போலத் தோன்றித் தடுமன் அல்லாதவை. மூக்கு ஒழுகாமல் 102, 103 என்று காய்ச்சல் அடித்து, கண்ணுக்குப் பின்னால் வலித்து, மூட்டு வலித்தால் மழைக்காலத்தில் அது டெங்குவாக இருக்கலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் எதுவும் தராமல் ரத்தம் பரிசோதியுங்கள். குளிர் நடுக்கத்தோடு வந்தால் மலேரியாவுக்கும் சேர்த்து. காய்ச்சலே இல்லாமல் காலையில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, தெளிந்த நீராக ஒழுகுவது வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது ஒவ்வாமை. சீமைக்கருவேலப் பூந்தாது, நண்டுக் கம்பெனியில் நண்டு அவிக்கும் ஆவி, கருவாட்டுத் தூசி எல்லாம் காரணமாகும். குறைந்துவந்த சளி ஏழெட்டு நாள் கழித்துக் காய்ச்சலும் ஒருபக்க முகவலியுமாகத் திரும்பினால் சைனஸில் பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். ஆன்டிபயாடிக்குக்கு அங்கேதான் இடம், அதையும் மருத்துவர்தான் எழுத வேண்டும். வீட்டில் யாருக்காவது இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், தடுமனின் மிச்சம் என்று தோன்றினாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். காசநோய்க்கான அந்தச் சோதனை இலவசம். காலையில் எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். எச்சில் மட்டும் போனால் சோதனையால் பயன் இருக்காது.